மூன்றாகப் பிரித்த டிஸ்க்

வனிதா டிஸ்க்கை மூன்றாகத்தான் பிரித்தாள். திரையில் நான்கு இருந்தன.

புத்தம்புது ஹார்ட் டிஸ்க். கொல்லங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாக்கோபு, ஒட்டுப் பிரியாத உறையை அவள் கண்ணெதிரே கிழித்து, பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரிக்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள். கதைகளையும் நாவல்களையும் வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்து அனுப்புவது அவள் தொழில். எதை எங்கே போட வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். சிஸ்டத்துக்கு ஒரு பாகம். பின்னணி இசை, மழை, ரயில், கூட்டத்து இரைச்சல் எல்லாம் போட்டுவைக்க ஒரு பாகம். மிச்சம் இருக்கிற பெரிய பாகம் முழுக்க அவள் வாசிப்புக்கு. அதற்குக் ‘குரல்’ என்று பெயர் வைத்தாள்.

திரையில் மூன்று நீலப் பட்டைகள் வரிசையாக நின்றன. நீலம் என்றால் பிரித்துப் பெயர் வைத்த இடம். கறுப்பு என்றால் யாருக்கும் ஒதுக்காத இடம். அவள் எதையும் மிச்சம் விடவில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில், வெட்டிப்போட்ட நகம்போல மெல்லியதாக ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துப் பார்த்தாள். சேரவில்லை. அழித்துப் பார்த்தாள். கட்டளை போனது, ஒன்றும் நடக்கவில்லை. யாக்கோபுக்குப் போன் போட்டாள்.

“அது சாரமில்ல மோளே,” என்றார் அவர், ஒன்றுமில்லை என்பதுபோல. “கம்பெனிக்காரன் கொஞ்சம் ஸ்தலம் விட்டு வெப்பான். நீ அத நோக்க வேண்டாம்.”

நோக்காமல் இருக்கத்தான் முயன்றாள். பழைய டிஸ்க் ஒரு மாதமாகவே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அது சாவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கோயமுத்தூரில் எப்.எம். நிலையத்தில் இருந்த காலத்திலிருந்து அவள் பேசியது, வாசித்தது, வாசித்துப் பிடிக்காமல் ஒதுக்கியது, எல்லாம் பழையதிலிருந்து புதியதற்கு மெல்ல மெல்ல ஓடியது. கடைசிக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகு பழைய டிஸ்க் ஒரு தரம் கிரீச்சிட்டுவிட்டு நின்றது. அப்புறம் அது எழவே இல்லை.

கோவிந்தாபுரத்தை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் அவர்கள் வீடு. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, பகலென்று இல்லை இரவென்று இல்லை, தோப்போரத்துப் பனையோலைகளைத் தகரத்தால் செய்ததுபோலச் சடசடக்க வைத்துக்கொண்டும், ஓட்டுச் சந்துகளுக்குள் விரலை விட்டுத் துழாவுவதுபோலப் புகுந்து உத்தரத்தில் தூசியைக் கொட்டிக்கொண்டும், சோதனைச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் ஹாரனை ஒரு நிமிடம் காதருகே கொண்டுவந்து மறு நிமிடம் எங்கோ மறைத்துக்கொண்டும் இருந்தது. அந்தச் சத்தத்தில் பதிவு செய்ய முடியாது என்றுதான் பூபதிராஜா, அவள் புருஷன், கூடத்தை ஒட்டியிருந்த பழைய நெல் அறையை அவளுக்குப் பதிவறையாக்கித் தந்திருந்தான். ஜன்னல் இல்லாத அறை. சுவர் நெடுகக் கோணிச்சாக்கும் பஞ்சும் ஒலி உறிஞ்சும் அட்டையும். நெல் வைத்த அறை என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், உயரத்தில். கதவில் ஒரு கையகலக் கண்ணாடி. மகள் நிமி கைக்குழந்தையாக இருந்தபோது, அழுதால் உள்ளே ஹெட்போனில் கேட்கட்டும் என்று கூடத்து உத்தரத்தில் ஒரு மைக்கையும் தொங்கவிட்டிருந்தான். நிமி இப்போது ஒன்றாம் வகுப்பு. மைக் அப்படியே இருந்தது.

கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருப்பதே தெரியாது. பழைய நெல்லின் புழுங்கல் வாசம் மட்டும், எத்தனை சாம்பிராணி போட்டும் போகாமல்.

மறுநாள் காலையில் அவள் தொண்டை கட்டியிருந்தது. காற்றுக்குத்தான் என்று நினைத்துச் சுக்கு தட்டிப்போட்டுக் காப்பி வைத்தாள். தம்ளரை வாயருகே கொண்டு போகும்போது நாச்சம்மாள் கொல்லைப்புறக் கதவருகே வந்து நின்றாள். மாட்டுத்தொழுவ வேலையும் தோப்பு வேலையும் பார்ப்பவள்.

“ஏனுங்கம்மிணி, கூப்புட்டீங்களாட்ட இருந்துச்சு?”

“நானா? இல்லீங்களே.”

“‘நாச்சம்மா, நாச்சம்மா’ன்னு நல்லாக் கேட்டுச்சுங்க. நீங்கதானுங்க. எனக்குத் தெரியாதுங்களா உங்க சத்தம்?” நாச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பத்தான் தொண்டை இப்படிக் கரகரங்குது. கூப்புட்டப்ப மணியாட்ட இருந்துச்சுங்களே.”

காற்று, என்றாள் வனிதா. நாச்சம்மாளும் காற்றென்றே ஒத்துக்கொண்டு போனாள். போகும்போது ஒரு தரம் திரும்பி வனிதாவைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால், ஆளில்லாத கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று வாசிக்க முடியவில்லை. முன்பே வாசித்ததைத் திருத்தலாம் என்று உட்கார்ந்து, ஒரு அத்தியாயத்தைத் திறந்தாள். பேச்சு இருந்தால் திரையில் அலை மேடும் பள்ளமுமாக ஓடும். இதில் ஒரு நேர்க்கோடு. நீளம் சரியாக இருந்தது, பெயர் சரியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தாள். பாதிவரை அலை, பிறகு கோடு. ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது அவள் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில், யாரோ வாயைப் பொத்தினதுபோல நின்றது. அது வெறும் மௌனமாக இல்லை. அறையின் மூச்சு, பக்கம் புரட்டும் ஒலி, நாற்காலியின் முனகல் எல்லாம் இருந்தன. அவள் மட்டும் இல்லை. வார்த்தைகளை மட்டும் கத்திரிக்கோலால் சுற்றிவர வெட்டி எடுத்ததுபோல இருந்தது.

பாகங்கள் இருந்த திரையைத் திறந்தாள்.

கறுப்புப் பட்டை விரலளவு தடித்திருந்தது. ‘குரல்’ அந்த அளவு சுருங்கியிருந்தது.

பூபதி அவளைக் கொல்லங்கோட்டு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நாக்கை அழுத்தி, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். பேச்சைக் குறைக்கச் சொன்னார். திரும்பி வரும் வழியில் பூபதி சிரித்தான். “பேசறதே பொழப்பாப் போச்சு. அதுக்கும் லீவு வேணுமல்லோ?” அவளும் சிரித்தாள். சிரிப்பு காற்றாகத்தான் வந்தது.

ஒவ்வொரு நாளும் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் உரக்கப் பேச முடியவில்லை. பிறகு ‘ர’ வரவில்லை, ‘ழ’ வரவில்லை. பாட நினைத்தால் மூச்சு மட்டும் வந்தது. நிமிக்குத் தூங்கும் முன் கதை சொல்ல முடியாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “கதை வேணாம்மா,” என்றாள் நிமி கண்ணை மூடிக்கொண்டே. “மத்தியானம் சொன்னதே போதும்.”

வனிதாவின் கை நின்றது. “மத்தியானமா?”

“அதாம்மா. அந்த ரூமுக்குள்ள இருந்துட்டே சொன்னீங்கல்ல. நான் கதவுகிட்ட உக்காந்துட்டே கேட்டேன்.”

பள்ளி விடுமுறையான அன்று மத்தியானம் வனிதா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் முகத்தை அந்த மங்கல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. தூக்கத்திலேயே சிரித்தாள், அந்தக் கதையில் ஏதோ வேடிக்கையான இடம் வந்திருக்க வேண்டும்.

விடிந்ததும் நெல் அறைக்குள் போனாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்பு நீலமாகியிருந்தது. நாலாவது பாகம் யாரும் பிரிக்காமல் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு, ‘குரல்’ இருந்த இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, திரையின் பாதிக்கு நீண்டு கிடந்தது. அதற்குப் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

‘அம்மா.’

திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அளவு ஏறியது. ஹெட்போனை மாட்டினாள். வளையல் மேசையில் இடித்தது.

முதலில் எழுத்துகள். அவள் குரலில். “வா. வா. வா. போ. நா. நா. நீ. கா.” பால்குடி மறக்காத குழந்தை வாய்க்குள் சொல்லை உருட்டிப் பார்ப்பதுபோல. சில எழுத்துகள் எந்த நாவலிலிருந்து வந்தவை என்றுகூட அவளுக்குத் தெரிந்தது, அந்த அத்தியாயம் வாசித்த நாளின் ஜலதோஷம் அதில் இருந்தது. பிறகு சொற்கள். “கதவு. விளக்கு. கதவை. சாத்து.” ஒட்டுப்போட்ட இடத்தில் சின்னதாக ஒரு இடறல் இருந்தது. போகப்போக அந்த இடறல் மறைந்தது. பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும். நிதானமான, பக்கத்தில் இருக்கிற மூச்சு.

அப்புறம் அது சொன்னது:

“நிமி, சோறுண்ண வா கண்ணு.”

வனிதா ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள்.

அவள் எந்தப் பதிவிலும் அப்படிப் பேசியதில்லை. மைக் முன்னால் அவள் வாசித்ததெல்லாம் புத்தகத் தமிழ். ‘சோறுண்ண வா கண்ணு’ என்பது அடுப்படியில் நின்று கூப்பிடுகிற பேச்சு. அதை எங்கே பிடித்தது? தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூடத்து உத்தரத்தில், ஒட்டடை பிடித்து, அந்தப் பழைய மைக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பூபதி பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடோடு கிளம்பிக்கொண்டிருந்தான். லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, மூச்சால் சொன்னாள். எல்லாவற்றையும். அவன் குனிந்து அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டான். பாதி புரிந்திருக்கும்.

“வைரஸ்ஸா இருக்கும் புள்ள,” என்றான். அவன் குரலில் இரக்கம் இருந்தது, நம்பிக்கை இல்லை. “நாளைக்கு நானே கழட்டிட்டுப் போயி யாக்கோபுகிட்டக் குடுத்தர்றேன். அது வரைக்கும் நீ அந்தப் பக்கமே போவாதே. சூடாத் தண்ணி குடிச்சுட்டுப் படு.”

“இன்னிக்கே...” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே தொண்டை எரிந்தது.

“லோடு நிக்குது வனி. சாயங்காலம் வந்தர்றேன்.”

மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை பெய்யவில்லை, பெய்கிற மாதிரி இருட்டிக்கொண்டே இருந்தது. நாச்சம்மாள் சாணிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு கிளம்புவதைக் கொல்லைக் கதவு வழியாகப் பார்த்த வனிதா, ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். போகாதே என்று சைகை காட்டினாள்.

“நீங்கதானுங்களே இப்ப, ‘போதும், ஊட்டுக்குப் போ நாச்சம்மா’ன்னீங்க?” என்றாள் நாச்சம்மாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவள் கண் வனிதாவின் வாயை விட்டு அகலவில்லை. “எனக்கு என்னமோ செரியாப் படலீங்கம்மிணி. நா போறனுங்க.” தோப்புக்குள் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமானது.

நிமியின் பள்ளி வேன் வர இன்னும் நேரம் இருந்தது.

அதற்குள் அழித்துவிட வேண்டும். குழந்தை வீட்டுக்குள் கால் வைப்பதற்குள். டிஸ்க்கைப் பிடுங்கி எறியலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு போனாள். ஆனால் அவள் குரல் அதற்குள் இருந்தது. இத்தனை வருஷம் வாசித்ததெல்லாம் இருந்தது. பாகத்தை மட்டும் அழித்தால் இடம் காலியாகும், எடுத்தது திரும்பி வரலாம். அப்படித்தான் நினைத்தாள். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அரிசி மூட்டையை இழுத்து அணை கொடுத்தாள். உட்கார்ந்தாள். நாலாவது பாகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அழி என்று கட்டளை கொடுத்தாள்.

இதுவரை ஒன்றும் நடந்ததில்லை. இப்போது கம்ப்யூட்டர் கேட்டது. இதில் இருப்பதெல்லாம் திரும்பக் கிடைக்காமல் போய்விடும். உறுதியா?

உறுதி.

நீலப் பட்டை கறுத்தது. அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பும் இல்லை. திரையில் பாதி, குழி வெட்டினதுபோலக் கறுப்பாகக் கிடந்தது. வனிதா மூச்சு விட்டாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. சோதித்துப் பார்க்க வாயைத் திறந்து, மகள் பெயரைச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. கரகரப்பு இல்லை. மூச்சின் சத்தம்கூட இல்லை. நாக்கு அசைந்தது, உதடு சேர்ந்து பிரிந்தது. இருமினாள். இருமலும் வரவில்லை.

“நிமி,” என்றது யாரோ, அடுப்படியிலிருந்து. தெளிவாக. மணிபோல.

அவள் திரும்பும்போது அரிசி மூட்டை தரையில் தேய்ந்துகொண்டு உள்ளே நகர்ந்து வந்தது. கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் சாத்துவதுபோல. அப்புறம் மேலே, தாழ்ப்பாள்.

காற்று தாழ்ப்பாள் போடாது.

தோளால் இடித்தாள். ஸ்க்ரூடிரைவரைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினாள். பலாமரக் கதவு. வளைந்தது இரும்புதான். கையால் அடித்தாள், நாற்காலியால் அடித்தாள். கண்ணாடி கம்பி வைத்துப் பதித்தது, உடையவில்லை. அவ்வளவு சத்தத்தையும் சுவரிலிருந்த பஞ்சு வாங்கி வைத்துக்கொண்டது. போன் கூடத்து அலமாரியில் இருந்தது. பதிவுக்கு இடைஞ்சல் என்று அதை எப்போதும் அங்கேதான் வைப்பாள். கம்ப்யூட்டருக்கு நெட் வருவதும் அந்தப் போன் வழியாகத்தான். பூபதிக்கு எழுத உட்கார்ந்தாள். திரை ஓரத்தில் நெட் அடையாளம் அவள் கண் முன்னால் அணைந்தது.

தரையில் கிடந்த ஹெட்போனில் ஏதோ கேட்டது. எடுத்து மாட்டினாள்.

கூடம் கேட்டது. ஓலைச் சடசடப்பு. கடிகாரம். அடுப்படியில் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் ஓசை. வெறுங்கால்கள், ஈரம்போல ஒட்டி ஒட்டிப் பிரியும் நடை. பிறகு தூரத்தில், வேன். ஹாரன். கேட் திறக்கும் கிரீச்.

“அம்மா!”

வனிதா கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். நிமி வாசற்படி ஏறி, ஷூவை உதறி, பையைத் தரையில் போட்டாள். ஒரு காலுறை கணுக்காலுக்குக் கீழே சரிந்திருந்தது.

“வந்துட்டியா கண்ணு?” என்றது ஹெட்போனில் வனிதாவின் குரல். “கையக் கழுவிட்டு வா.”

“தொண்ட நல்லாயிருச்சாம்மா?”

“நல்லாயிருச்சு கண்ணு. அம்மாளுக்கு எல்லாம் நல்லாயிருச்சு.”

நிமி அடுப்படிப் பக்கம் ஓடினாள். வனிதா கதவை அடித்தாள், அடித்தாள், அடித்தாள். கை வீங்கியது. குழந்தை நின்றாள். எதையோ உணர்ந்ததுபோலத் திரும்பினாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டாள்.

நிமி ஒரு அடி பின்னால் வைத்தாள். அடுப்படியைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியை. “அம்மா,” என்றாள் மெல்ல, அடுப்படியை நோக்கி, “உள்ள யாரோ இருக்கறாங்க. உங்களையாட்டவே.”

“யாருமில்ல கண்ணு. உள்ள எடமே இல்ல.”

வனிதா மேசையில் இருந்த காகிதத்தைத் திருப்பினாள். வாசிக்க வேண்டிய நாவலின் தாள். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். பேனா கிழித்தது. கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். ‘கதவைத் திற.’ நிமி வாசிப்பாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவளே சொல்லிக்கொடுத்தது.

நிமி கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே. பிள்ளையின் நெற்றி சுருங்கியது. விரலை நீட்டி, எப்போதும்போல, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு உரக்கச் சொன்னாள்.

“க.”

ஹெட்போனில் அது கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக.

“த.”

தேய்ந்திருந்தது.

வனிதாவுக்குப் புரிந்தது. தாளை இழுத்தாள். வியர்வையில் அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கிழிந்தது. பாதி எழுத்து அங்கேயே நின்றது. வேண்டாம். சொல்லாதே. வாயைப் பொத்திக் காட்டினாள். தலையை ஆட்டினாள். நிமி அதைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வை.” மூச்சு மட்டும்.

“த்.” உதடு மட்டும்.

நிமி நின்றாள். தொண்டையில் கை வைத்தாள். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். சின்னக் கழுத்தில் நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

“திற,” என்றது நிமியின் குரல், குழந்தைக்குப் பின்னால், இருட்டிலிருந்து. சொல்லிவிட்டு, வாசித்து முடித்த சந்தோஷத்தில் களுக்கென்று சிரித்தது.

நிமி திரும்பிப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. கதவில் வந்து மோதினாள். இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். தாழ்ப்பாளுக்குக் குதித்தாள். எட்டவில்லை. மறுபடி குதித்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. அம்மா, அம்மா, அம்மா என்று அது அசைவது தெரிந்தது. இந்தப் பக்கம் வனிதாவின் வாயும் திறந்திருந்தது.

அலமாரியில் போன் அடித்தது.

ஈரக்கால்கள் நடந்தன. போன் அடிப்பது நின்றது.

“ஏம் புள்ள, தொண்ட தேவலையா?” ஹெட்போனில் பூபதி. பின்னால் சந்தை இரைச்சல்.

“செரியாயிருச்சுங்க,” என்றது வனிதாவின் குரல். “காலைல பயந்துட்டு என்னென்னமோ சொல்லிட்டேன். கம்ப்யூட்டரும் செரியாயிருச்சுங்க.”

“அட, பழைய சத்தம் வந்துருச்சே!” அவன் உரக்கச் சிரித்தான். அவ்வளவு நிம்மதி அந்தச் சிரிப்பில். “நா இன்னிக்கு இங்கயே நின்னுக்கட்டுமா? லோடு எறக்கறதுக்கு விடிஞ்சுரும்போல இருக்கு. பயமில்லயே?”

“நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் சௌரியமா இருக்கறோம்.”

“நிமி எங்க?”

“அப்பா!” என்றது நிமியின் குரல். “பஞ்சு முட்டாய் வாங்கிட்டு வாங்கப்பா. ரோஸு.”

“வாங்கியாறேன் சாமி. அம்மாளத் தொந்தரவு பண்ணாம இருக்கோணும், என்ன?”

“செரிங்கப்பா.”

வனிதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நிமியின் தலைக்கு மேலே, கூடத்து இருட்டில், அவளுடைய சந்தன நிற நைட்டியைப் போட்டுக்கொண்டு ஒன்று நின்றிருந்தது. காதில் போன். போனின் வெளிச்சம் வாயில் மட்டும் விழுந்தது. உதடு பெரிய ஆளைப்போல மெதுவாகத் திறந்து பேசியது. உடனே குட்டியாகக் குவிந்து, துள்ளித் துள்ளிப் பேசியது. ஒரே வாய். மாறி மாறி. அப்பாவுக்கு ஒரு முத்தம் என்றது சின்னக் குரல். அப்புறம், மெதுவா வாங்க என்றது பெரிய குரல். வாய் ‘ப்ச்’ என்று போனுக்கு முத்தம் கொடுத்தது.

நிமி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாய் பட்ட இடத்தில் ஆவி படர்ந்தது, மறைந்தது, படர்ந்தது. அவளுக்குப் பின்னால் போனின் வெளிச்சம் அணைந்தது. கால்கள், ஒட்டி ஒட்டிப் பிரிந்து, கதவை நோக்கி நடந்து வந்தன. இருட்டில் இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று பேசிச் சிரித்துக்கொண்டே வந்தன.